தாழ்வு பகுதி விலகும் நாட்களில் சென்னை மண்டல வானிலை அறிக்கை: ஒரு சம்பா விவசாயியின் விமர்சனம்

புயல் சின்னம் உருவாகும்போது வானிலை அறிக்கையைப் பார்க்காத ஆளே கிடையாது. டிவியில் வரைபடம் சுற்றும், நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று பிள்ளைகள் கேட்கும், கடையில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோகும். அது வலுவிழந்து நகர ஆரம்பித்ததும் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். எனக்கு அந்த நாட்களில்தான் அறிக்கை அதிகம் தேவைப்படுகிறது. மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் சம்பா. வயலில் அறுவடை மெஷினை எப்போது இறக்குவது, அறுத்த நெல்லை எப்போது களத்தில் கொட்டுவது என்ற முடிவெல்லாம் தாழ்வு பகுதி விலகிப் போகிற அந்த மூன்று நான்கு நாட்களில்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் வெளியிடும் செய்திக்குறிப்பை ஏழெட்டு வருடமாக விடாமல் படித்து வருகிறேன். செல்போனுக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம். எங்கள் வீட்டின் ஒரு வருட வருமானம் நம்பியிருக்கிற இந்தச் சேவையைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், 5-க்கு 4. அந்த ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, தமிழிலேயே வருகிறது. வங்கக்கடலில் என்ன இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்று ஒரு பத்தி. அதன் கீழே ஒவ்வொரு தேதிக்கும் தமிழகம், புதுவை, காரைக்கால் பகுதிகளில் மழை எப்படி இருக்கும், எந்தெந்த மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை என்ற விவரம். வெப்பநிலை, சென்னைக்குத் தனியாக ஒரு கணிப்பு, கடந்த 24 மணி நேரத்தில் ஊர்வாரியாகப் பதிவான மழை, மீனவர்களுக்கான எச்சரிக்கை. இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் பெரும்பாலானவர்கள் முதல் பத்தியைத் தாண்டுவதில்லை, அதுவும் டிவியில் ஓடுகிற ஒரு வரியாகத்தான் அவர்களுக்கு வந்து சேர்கிறது. "காற்றழுத்த தாழ்வு பகுதி வலுவிழந்தது." சரி, மழை முடிந்தது என்று தார்ப்பாயை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

இந்த 'வலுவிழந்தது' என்ற சொல்லைத்தான் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கே நாலைந்து வருடம் ஆனது. வங்கக்கடலில் உருவாகிற சின்னங்களுக்குப் பெயர் வைப்பது அதன் காற்றின் வேகத்தைப் பார்த்து. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் தாழ்வு பகுதி. 31 முதல் 50 வரை தாழ்வு மண்டலம். 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 63-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயரும் வைப்பார்கள். இந்த வரிசையில் மழை எவ்வளவு பெய்யும் என்ற கணக்கே இல்லை. ஆக, வலுவிழந்தது என்று அறிக்கை சொல்வது காற்றைப் பற்றி. நாம் காதில் வாங்கிக்கொள்வது மழையைப் பற்றி. மேகத்தில் இருக்கிற ஈரம், காற்று குறைந்த அன்றைக்கே எங்கேயும் போய்விடுவதில்லை. சின்னம் வேகமாக நகர்ந்தால் மழையும் பரவலாகப் பெய்துவிட்டுப் போகும். நின்று நின்று நகர்ந்தால், அது எவ்வளவு சோர்ந்த சின்னமாக இருந்தாலும், நிற்கிற இடத்தில் கொட்டித் தீர்த்துவிடும்.

2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்ததை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் வலுவிழந்து ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஆனது, அப்புறம் தாழ்வு மண்டலம் ஆனது. பெயரளவில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே இருந்தது. அப்படி இறங்கிக்கொண்டிருந்த போதுதான், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிற கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறக்க வேண்டியதாகி, தென்பெண்ணை கரையில் இருந்த ஊர்களெல்லாம் தண்ணீரில் நின்றன. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரே வீட்டில் இருந்தவர்கள் இறந்துபோனார்கள். புயல் கரையைக் கடந்துவிட்டது, இனி பயமில்லை என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

அதற்கு முந்தைய வருடம், 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். வடகிழக்குப் பருவமழை மூன்று மாதமும் சேர்ந்து தமிழ்நாட்டுக்குச் சராசரியாகத் தருவது ஏறத்தாழ 44 சென்டிமீட்டர்தான், அதில் இரண்டு மடங்குக்கும் மேல் ஒரே நாளில். அன்றைக்குப் புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பக்கம் வளிமண்டல மேலடுக்கு சுழற்சி, அதாவது வானத்தில் மேலே காற்று சுழல்வது, அவ்வளவுதான். தாமிரபரணிக் கரையில் அன்று வந்த வெள்ளம் எல்லோருக்கும் தெரியும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து 'மேலடுக்கு சுழற்சி' என்ற சொல்லை நான் சாதாரணமாகத் தாண்டிப் போவதில்லை.

இப்போது எங்கள் களத்துக்கு வருகிறேன். ஒரு தை மாதக் கடைசி. இலங்கைப் பக்கம் இருந்த சின்னம் வலுவிழந்து மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் விடாத தூறலுக்குப் பிறகு மூன்றாம் நாள் காலையில் வெயில் அடித்தது, அதுவும் கண் கூசுகிற வெயில். சித்தப்பா பத்து மணிக்கெல்லாம் களத்துக்கு வந்துவிட்டார். என் போனில் ஏற்கெனவே இருந்த ஒரு ஆப்பைத் திறந்து பார்த்தேன், அன்றைக்கு முழுக்க மஞ்சள் சூரியன் படம். நாளைக்கும் சூரியன்.

"என்னப்பா சொல்லுது?" என்று கேட்டார்.

"வெயில்தான் சித்தப்பா."

மூட்டையில் புழுங்கிக்கொண்டிருந்த நெல்லை அவிழ்த்துக் கொட்டினோம். ஈர நெல்லை மூட்டையில் ரொம்ப நேரம் வைத்தால் கையை விட்டுப் பார்க்கும்போதே சூடு தெரியும், உள்ளே ஒரு புளித்த வாடை வரும். அதனால் பரப்பினால் போதும் என்ற அவசரம் எங்களுக்கு. காலால் கோடு கோடாகக் கிளறிவிட்டோம். மூன்று மணிக்குத் தெற்கே ஒரு கருப்பு. அம்மா அப்போதுதான் ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தாள், காய்ந்த நெல் நறுக்கென்று உடைய வேண்டும், அது பல்லில் மெத்தென்று அமுங்கியது. "இன்னும் ஆகலடா" என்று சொல்லி முடிப்பதற்குள் காற்று மாறிவிட்டது. தார்ப்பாய் இரண்டுதான் இருந்தது. ஒரு மூலையை நான் இழுக்க, மறு மூலையைச் சித்தப்பா இழுக்க, நடுவில் தண்ணீர் தேங்கித் தேங்கி நெல்லுக்குள்ளேயே இறங்கியது. இருபது நிமிட மழை. அவ்வளவுதான், ஆனால் பாதி நெல் மறுபடி முதலிலிருந்து.

அன்று ராத்திரி உட்கார்ந்து மண்டல மையத்தின் முந்தைய நாள் செய்திக்குறிப்பை எடுத்துப் படித்தேன். முதல் வரி வலுவிழந்தது என்றுதான் சொன்னது. ஆனால் கீழே தேதிவாரியாக வருகிற பகுதியில், மறுநாளைக்குத் தென் தமிழகத்திலும் டெல்டா மாவட்டங்களிலும் ஒருசில இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும் என்று போட்டிருந்தது. நான் பார்த்திருந்தால் நெல்லைப் பாதி பாதியாகப் பரப்பியிருப்பேன். அன்றிலிருந்து சூரியன் படத்தை வைத்து நான் எந்த முடிவும் எடுப்பதில்லை. அந்த மாதிரி ஆப்பில் ஒரு ஊருக்கு ஒரு படம்தான் இருக்கும், சின்னம் விலகும் நாளில் ஒரே ஊரில் காலையில் வெயிலும் மதியம் மழையும் ராத்திரி பனியும் வரும். ஒற்றைப் படத்துக்குள் அது அடங்காது.

அறிக்கையில் அடுத்து நீங்கள் பழகிக்கொள்ள வேண்டியது இந்த 'இடங்களில்' என்ற சொற்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரைக்கும் மழை பதிவாகலாம். 'ஒருசில இடங்களில்' என்றால் கால்வாசிக்கு மேல் பாதி வரை. 'பல இடங்களில்' அல்லது 'அநேக இடங்களில்' என்றால் பாதிக்கு மேல் முக்கால் வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால்வாசிக்கும் மேல். சின்னம் விலகும்போது இந்தச் சொற்கள் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும். திங்கள்கிழமை பெரும்பாலான, செவ்வாய் பல, புதன் ஒருசில, வியாழன் ஓரிரு. எனக்கு முதல் பத்தியை விட இந்த இறக்கம்தான் முக்கியம். இறங்கி வந்த சொல் நடுவில் ஒருநாள் மறுபடி ஏறினால், பின்னால் இன்னொன்று வருகிறது, அல்லது கிழக்கு திசைக் காற்றில் ஏதோ மாறுபாடு என்று புரிந்துகொள்வேன். மெஷின்காரரிடம் வாக்கு கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்க்கிறேன்.

மழை அளவும் அப்படித்தான். 'மிதமான மழை' என்று படித்தால் ஏதோ சாரல் என்று நினைப்போம். கணக்குப்படி 15.6 மில்லிமீட்டர் முதல் 64.4 மில்லிமீட்டர் வரைக்கும் மிதமானதுதான். ஆறு சென்டிமீட்டர் மழை களத்தில் கிடக்கிற நெல்லுக்கு மிதமானது இல்லை. அதற்கு மேல் போனால் கனமழை, 115.6-ஐத் தாண்டினால் மிக கனமழை, 204.5 முதல் அதி கனமழை. காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரைதான் ஒரு நாள் கணக்கு. ராத்திரி பெய்த மழை மறுநாள் தேதியில் ஏன் வருகிறது என்று குழம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மீனவர் எச்சரிக்கையை விவசாயி ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் முன்பு படித்ததில்லை. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், விசைப்படகில் போகிறவர். அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கரையில் மழை விட்ட பிறகும் மன்னார் வளைகுடாவிலும் குமரிக்கடலிலும் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக்காற்று என்று எச்சரிக்கை தொடர்ந்தால், சின்னம் இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பத்தியில் மன்னார் வளைகுடா போய் லட்சத்தீவு, மாலத்தீவு பகுதி என்று மாறினால், சின்னம் அரபிக்கடலுக்குப் போய்விட்டது. நிலத்துக்காரர்களுக்குச் சொல்லாத இடமாற்றத்தைக் கடல்காரர்களுக்குத் தேதி போட்டுச் சொல்கிறார்கள். வானம் தெளிந்திருக்கும், வெயில் அடிக்கும், ஆனால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காமல் படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் ஊர்க்காரர்கள் சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று பேசுவார்களாம். "கரையில நின்னு பாத்தா கடல் அழகாத்தான் இருக்கும் தம்பி, இருபது மைல் போய்ப் பாரு" என்பார் அவர். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை கூண்டை இறக்கும் வரைக்கும் அவர் வலையைக் கையில் எடுப்பதில்லை.

அப்புறம் யாரும் கவனிக்காத ஒரு வரி உண்டு, "அதிகாலை வேளையில் லேசான பனிமூட்டம் காணப்படும்". சின்னம் விலகி ஓரிரு நாளில் வடக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கும்போது ராத்திரி வெப்பநிலை குறையும், வயலிலோ தண்ணீர் இன்னும் நிற்கும், பனி இறங்கும். அறுவடைக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். பனி காயாமல் மெஷின் இறங்காது, இறங்கினால் வைக்கோல் சுற்றிக்கொள்ளும், நெல் உதிராமல் கதிரோடு போகும். ஒன்பதரை, பத்து மணி வரை காத்திருக்க வேண்டும். பெல்ட் வண்டிக்கு, அதாவது டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை மெஷினுக்கு, மணிக்கணக்கில் வாடகை. வயல் ஈரமாக இருப்பதால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும், அதற்கு வாடகையும் கூட. முந்தின நாளே பனிமூட்டம் என்று படித்துவிட்டால் வண்டியைக் காலை ஆறு மணிக்கு வரச்சொல்லிக் காக்க வைக்க வேண்டியதில்லை. ஒரு வரி, அதில் எவ்வளவு பணம் மிச்சம் என்று அறுத்தவர்களுக்குத் தெரியும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், அதைத் தாண்டினால் நெல் திரும்பிவிடும், அல்லது தளர்வு அறிவிக்கும் வரை வரிசையில் கிடக்கும். இந்த விலகும் நாட்களைச் சரியாகக் கணித்தவர் 17-க்குள் வந்துவிடுவார்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் நடந்ததைச் சொன்னால் இன்னும் புரியும். இலங்கையில் கரை கடந்த ஒரு தாழ்வு மண்டலம், பருவமழைக் காலமும் முடிந்துபோன நேரம், அறுவடைக்குத் தயாராக நின்ற சம்பா சாய்ந்து போனது. ஹெக்டேருக்கு 20 ஆயிரம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். சாய்ந்த கதிர் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தால் முளைவிடும், பச்சையாக ஊசி ஊசியாக நெல்லிலிருந்து எட்டிப் பார்க்கும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு எந்தத் தாழ்வு பகுதியும் சின்னதாகத் தெரியாது.

குறைந்த அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு வருகிறேன். மாவட்ட அளவு எங்களுக்குப் போதாது. திருவாரூர் மாவட்டம் என்றால் நீடாமங்கலமும் அதுதான், முத்துப்பேட்டையும் அதுதான். கடலோரத்தில் வெளுத்துக் கட்டும்போது நீடாமங்கலத்தில் தூசி பறக்கிற நாளெல்லாம் உண்டு. மழைக்கு வாய்ப்பு எத்தனை சதவீதம் என்றும் போட்டால் நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்வோம், 'பெய்யக்கூடும்' என்ற ஒரே சொல் எல்லா நாளுக்கும் வருகிறது. முக்கியமாக, வலுவிழந்தது என்று எழுதுகிற அதே வாக்கியத்தில் 'மழை இன்னும் இத்தனை நாள் தொடரும்' என்று சேர்த்து எழுதினால் போதும், டிவிக்காரர்களுக்கும் அதை வெட்ட முடியாது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. ஆனால் சிவப்பு மஞ்சளானதும் ஜனங்கள் அதைப் பச்சையாக எடுத்துக்கொள்கிறார்கள். மஞ்சளுக்கும் பொருள் உண்டு என்பதை இன்னும் உரக்கச் சொல்லலாம்.

கணிப்பு தவறாதா என்றால், தவறும். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் யாரும் எதிர்பார்க்காத பெருமழை பெய்தது, மக்கள் நடுரோட்டில் மணிக்கணக்கில் நின்றார்கள். வெப்பமண்டலக் கடலோரத்தில் சின்னச் சின்ன மேகக்கூட்டத்தை முந்தின நாளே பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று படிக்கப் படிக்கத்தான் தெரிகிறது. அதனால் தினசரி அறிக்கையோடு மட்டும் நிற்காதீர்கள். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு எந்தெந்த மாவட்டங்களில் மழை என்று தனியாக வெளியிடுகிறார்கள், களத்தில் நெல் கிடக்கும்போது நான் நம்புவது அதைத்தான். காரைக்கால் ரேடார் படத்தையும் பார்க்கப் பழகிக்கொண்டேன். விலகும் நாட்களில் கடலிலிருந்து மேகம் கொடி மாதிரி வரிசையாக வரும், இரண்டு வரிசைக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் ஒரு மணி நேரம் கிடைக்குமா கிடைக்காதா என்று ஓரளவு தெரிந்துவிடும். மின்னலுக்குத் 'தாமினி' ஆப் இருக்கிறது, வயலில் ஆள் நிற்கும்போது அதை அணைக்காதீர்கள். இவை எல்லாமே இலவசம்.

இந்த வருடம் நாங்கள் தார்ப்பாய் நாலு வாங்கி வைத்திருந்தோம், களத்தில் பாதிக்கு மேல் எப்போதும் பரப்பவில்லை. சின்னம் குமரிக்கடல் தாண்டிப் போன பிறகும் அப்பா மெஷினுக்குச் சொல்லவில்லை. தினமும் மதியம் சாப்பிட்டு எழுந்ததும், "போட்டாங்களா?" என்று என்னிடம் கேட்பார். நான் தேதிவாரியாகப் படிப்பேன். ஒருசில, ஒருசில, ஓரிரு. "இருக்கட்டும்" என்பார். நாலாவது நாள், "தமிழகம், புதுவை மற்றும் காரைக்கால் பகுதிகளில் வறண்ட வானிலை நிலவக்கூடும்" என்ற வரி அடுத்தடுத்த தேதிகளுக்கும் அப்படியே இருந்தது. இரண்டு முறை படிக்கச் சொன்னார். அப்புறம் சட்டையைப் போட்டுக்கொண்டு மெஷின்காரரைப் பார்க்கக் கிளம்பினார்.